டெஸ்டர் எரிகிறது, மிக்ஸி ஓடவில்லை: கோளாறு எங்கே இருக்கிறது?

மும்பை செம்பூரில் நாற்பது ஆண்டுப் பழைய கட்டடம் ஒன்றில் வாடகைக்கு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், தம்பி. சமையல் மேடைக்கு மேலே ஒரே போர்டில் பெரிய பாயிண்ட் ஒன்று, சின்ன பாயிண்ட் ஒன்று. பெரியதில் இண்டக்ஷன் அடுப்பு, சின்னதில் மிக்ஸி. இப்போது இரண்டுமே ஓடுவதில்லை. பிளக்கை அழுத்திப் பிடித்தால் சில நேரம் ஓடி நின்றுவிடுகிறது. ஆனால் டெஸ்டரை வைத்தால் பளிச்சென்று எரிகிறது. சின்ன பாயிண்டில் மிக்ஸியைச் செருகி சுவிட்சைப் போட்டுவிட்டுப் பார்த்தால் பெரிய பாயிண்டின் இரண்டு துளைகளிலும் எரிகிறது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் "இரண்டு ஃபேஸ் வந்துவிட்டது" என்று சொல்லி சாக்கெட்டை மாற்றிக் கொடுத்தார். மூன்று வாரம் ஓடியது. இப்போது மறுபடியும் அதே கதை, கூடவே கருகிய வாடை. இதுதானே உங்கள் கேள்வி?

கருகிய வாடை என்று படித்ததும் மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு ஒன்று சொல்கிறேன். அந்தப் போர்டுக்குப் போகும் எம்.சி.பி.யை, அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்சை, இப்போதே கீழே தள்ளிவிடுங்கள். "இன்று இரவு மட்டும் சமைத்துவிட்டு நாளை பார்க்கலாம்" என்று விடாதீர்கள். வாடை வந்துவிட்டது என்றால் உள்ளே பிளாஸ்டிக் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். இதில் எம்.சி.பி. உங்களைக் காப்பாற்றாது. ஏன் காப்பாற்றாது என்பதைப் பின்னால் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்தால் நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஃபேஸ் வழியாக வரும் மின்சாரம் மிக்ஸிக்குள் போய் வேலை செய்துவிட்டு நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டும். திரும்பும் வழி அறுந்துவிட்டால் வந்த வழி எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. ஒரே போர்டில் இரண்டு பாயிண்டும் சேர்ந்தே செத்திருப்பதால் இரண்டுக்கும் பொதுவான நியூட்ரல் ஒயரில்தான் கோளாறு. பிளக்கை அழுத்தும்போது போர்டே கொஞ்சம் அசைகிறது, பின்னால் பிடிமானமில்லாத ஒயர் தொட்டுத் தொட்டு விலகுகிறது. அழுத்தினால் ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

டெஸ்டர் எரிகிறதே என்று கேட்பீர்கள். டெஸ்டருக்குள் இருப்பது ஒரு சின்ன நியான் விளக்கும், பல லட்சம் ஓம் அளவுள்ள ஒரு தடுப்பானும். துளையிலிருந்து வரும் மின்சாரம் அந்தத் தடுப்பான் வழியாக, விளக்கு வழியாக, உங்கள் விரல் வழியாக, உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது. ஒரு மில்லி ஆம்பியருக்கும் மிகக் குறைவான அளவு என்பதால் உங்களுக்குத் தெரிவதில்லை. அதாவது டெஸ்டர் எரியும்போது திரும்பும் வழியாக இருப்பது நீங்கள்தான், நியூட்ரல் அல்ல. ஆகையால் "இங்கே ஃபேஸ் இருக்கிறது" என்பதற்கு மேல் அதனால் எதுவும் சொல்ல முடியாது. அதையும் எப்போதும் சரியாகச் சொல்வதில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு பார்த்தால் மங்கலாக எரியும். பகல் வெளிச்சத்தில் அந்த மங்கல் கண்ணுக்கே தெரியாமல் போய், கரண்ட் இல்லை என்று நினைத்துக் கையை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, இரண்டு துளையிலும் எரிவது எப்படி? மிக்ஸியின் சுவிட்சைப் போட்டதும் ஃபேஸ் மிக்ஸிக்குள் நுழைந்து, அதன் மோட்டார் சுருள் வழியாக நியூட்ரல் ஒயருக்கு வந்து சேர்கிறது. அந்த நியூட்ரல் மேலே அறுந்து கிடப்பதால் போக இடமில்லாமல் ஒயர் முழுவதும் ஃபேஸாகவே நிற்கிறது. பக்கத்துப் பெரிய பாயிண்டின் இடது துளையும் அதே ஒயரில் இருப்பதால் அங்கேயும் டெஸ்டர் எரிகிறது. மிக்ஸியைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள், இடது துளை அணைந்துவிடும். ஒரே ஃபேஸ்தான் இரண்டு வாசல் வழியாகத் தலை காட்டுகிறது. முப்பது ஆண்டுகளாக இந்த ஊரில் வயரிங் வேலை பார்க்கிறேன். "இரண்டு ஃபேஸ் வந்துவிட்டது" என்று சொல்லி என்னைக் கூப்பிட்ட வீடுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் நியூட்ரல்தான் விட்டுப்போயிருந்தது.

உண்மையிலேயே இரண்டு ஃபேஸ் வந்தால் நிலைமை வேறு. இரண்டு துளைகளுக்கும் இடையே 400 வோல்ட் நிற்கும், செருகிய பொருள் எதுவானாலும் சில நொடிகளில் புகைந்துவிடும். இதைவிட அடிக்கடி நடப்பது கட்டடத்தின் மெயின் நியூட்ரல் தளர்வது. கீழே மீட்டர் அறைக்கு மூன்று ஃபேஸ் வந்து வீடுகளுக்குப் பிரிகிறது. அங்கே பொது நியூட்ரல் விட்டுப்போனால் சில வீடுகளில் மின்னழுத்தம் விழும், சில வீடுகளில் 300 வோல்ட்டைத் தாண்டி ஏறும். பல்பு கண்ணைக் கூசும்படி எரிந்து, ஃபேன் வழக்கத்துக்கு மீறிய வேகத்தில் சுற்றினால், காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அவர்களையும் அணைக்கச் சொல்லுங்கள். பிறகு பில்லில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். உங்கள் வீட்டில் மற்ற அறைகள் வழக்கம்போல இருப்பதால் இது உங்கள் கோளாறு அல்ல. ஆனாலும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது.

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், பெரிய விலையில்லை. மாற்று மின்னோட்ட வோல்ட் பகுதியில் 600 அல்லது 750 என்று இருக்கும் இடத்துக்குத் திருப்புங்கள். சிவப்பு முனை வோல்ட் துளையில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். 10 ஆம்பியர் என்று எழுதிய துளையில் அதைச் செருகிவிட்டு சாக்கெட்டைத் தொட்டால் நேரடி ஷார்ட் சர்க்யூட்தான், மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். அளக்கும்போது மட்டும் எம்.சி.பி.யை ஏற்றுங்கள், விரல்கள் முனையின் உலோகத்துக்குப் பக்கத்தில் போகவே கூடாது. எர்த் துளை மேலே இருக்கும்படி சாக்கெட்டை நேரே பார்த்தால் வலதுபக்கம் ஃபேஸ், இடதுபக்கம் நியூட்ரல். சரியான பாயிண்டில் வலதுக்கும் இடதுக்கும் நடுவே சுமார் 230 காட்டும். வலதுக்கும் எர்த்துக்கும் அதே அளவு காட்டும். இடதுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட் காட்டும்.

மிக்ஸியைப் போடாத நிலையில் உங்கள் போர்டில் வலதுக்கும் எர்த்துக்கும் 230 இருந்து, வலதுக்கும் இடதுக்கும் பூஜ்யமோ, நாற்பது ஐம்பது என்று ஆடிக்கொண்டே இருக்கும் ஓர் எண்ணோ வந்தால் நியூட்ரல் அறுந்தது உறுதி. ஆடும் அந்த எண் பொய். பக்கத்தில் ஓடும் ஒயரிலிருந்து தொற்றிக்கொள்ளும் அழுத்தம் அது. டிஜிட்டல் மீட்டர் மின்சாரத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை என்பதால் இந்தப் பொய்யையும் உண்மைபோலக் காட்டும். அதனால்தான் பழைய ஆட்கள் ஒரு ஹோல்டரில் குண்டு பல்பை மாட்டி டெஸ்ட் லாம்ப் என்று கையில் வைத்திருப்பார்கள். பல்பு உண்மையிலேயே மின்சாரத்தை இழுக்கும். பொய் அழுத்தம் அதனிடம் நிற்காது. ஆனால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அந்தப் பல்பைப் போட்டுப் பார்க்காதீர்கள். எர்த் சரியில்லாத வீட்டில் அப்படிச் செய்தால் அதே எர்த் ஒயரில் இருக்கும் ஃபிரிட்ஜும் கெய்சரும் ஷாக் அடிக்கும். அந்த நேரம் யார் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

வலதுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் ஒன்றும் வராமல் டெஸ்டர் மட்டும் எரிந்தால் எர்த்தும் செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதுள்ள கட்டடங்களில் இது அரிதல்ல.

இனி போர்டைத் திறப்பது. ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் வீட்டு மெயின் சுவிட்சையே அணையுங்கள். அந்த ஒரு எம்.சி.பி.யை இறக்கினால் போதாதா என்றால், பழைய வீட்டில் போதாது. யாரோ எப்போதோ பக்கத்து அறைச் சுற்றிலிருந்து ஓர் ஒயரை இழுத்து அதே போர்டுக்குள் விட்டிருப்பார்கள். மும்பையில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் குறைவு. உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் அணையுங்கள். எம்.சி.பி.க்குப் பதில் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருந்தால் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், வேறு யாரும் திரும்பச் செருகிவிட முடியாது. எதைத் தொடுவதற்கு முன்னும் மீட்டரை நன்றாக வேலை செய்யும் ஓரிடத்தில் வைத்து 230 காட்டுகிறதா பாருங்கள், மெயினை அணையுங்கள், போர்டில் வைத்துப் பூஜ்யம் பாருங்கள், மறுபடி மெயினைப் போட்டு மீட்டர் உயிரோடிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அணையுங்கள். மீட்டரின் முனைக் கம்பி நடுவில் அறுந்துபோனாலும் பூஜ்யம்தான் காட்டும் என்பதால் இவ்வளவு.

பிளேட்டைக் கழற்றி மெதுவாக முன்னே இழுத்ததும் என்ன பார்ப்பீர்கள் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். ஃபேஸ் முனையில் ஒயர் செம்பு நிறத்திலேயே இருக்கும். நியூட்ரல் முனைக்குப் பக்கத்தில் சாக்கெட்டின் வெள்ளை பிளாஸ்டிக் தேநீர் சிந்திய துணிபோலப் பழுப்பேறியிருக்கும். கறுப்பு ஒயரின் உறை முனையிலிருந்து ஒரு விரற்கடை நீளத்துக்குப் பளபளப்பு போய், வளைத்தால் வளையாமல் நொறுங்கும். உள்ளே செம்பு கரும்ஊதா நிறத்துக்கு மாறியிருக்கும். ஸ்க்ரூவில் முனையை வைத்துத் திருப்பினால் எதிர்ப்பே இல்லாமல் அரைச் சுற்றுப் போகும். அந்த அரைச் சுற்றுதான் உங்கள் மூன்று வாரக் கதை முழுவதும்.

இப்போது கணக்கு. உங்கள் இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட் என்றால் 230ஆல் வகுக்க 8.7 ஆம்பியர். நன்றாக முடுக்கிய இணைப்பில் தடை ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான். தளர்ந்த இணைப்பில் அது கால் ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பம். 8.7ஐ 8.7ஆல் பெருக்கி அதைக் காலால் பெருக்கினால் 19 வாட். ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்று 25 வாட். ஏறக்குறைய அப்படி ஒன்றைச் சுவருக்குள் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வைத்து, தினமும் சமையல் முடியும்வரை எரியவிட்டிருக்கிறீர்கள். 750 வாட் மிக்ஸியை மட்டும் ஓட்டியிருந்தால் அதே இடத்தில் மூன்று வாட்கூட வந்திருக்காது. அடுப்பு வந்த பிறகுதான் தொல்லை தொடங்கியது என்று நீங்கள் எழுதியிருந்ததன் விளக்கம் இது.

இதில் என்னை வருத்துவது என்னவென்றால், இந்த வெப்பம் வேறு யாருக்கும் தெரியாது. கால் ஓம் இழப்பது இரண்டேகால் வோல்ட். 230 வந்த இடத்தில் 228 வந்தால் அடுப்பு எப்போதும்போலவே சுடும். ஓடும் மின்னோட்டம் அதே 8.7 ஆம்பியர் என்பதால் எம்.சி.பி. அசையாது. வெளியே கசிவு இல்லாததால், மின்கசிவு வந்தால் விழும் ஆர்.சி.சி.பி.யும் அசையாது. தளர்ந்த இணைப்பை, எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டியில் உள்ள எந்தக் கருவியும் பார்ப்பதில்லை. பார்க்கக்கூடியவை உங்கள் கையும் மூக்கும் மட்டுமே. அரை மணி நேரம் அடுப்பு ஓடியபின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி அதன் உடலைத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. சுட்டால் அன்றே திறந்து பார்க்க வேண்டும்.

முதலில் வந்தவர் சாக்கெட்டை மாற்றியது தவறில்லை. ஆனால் கருகிய ஒயரின் அதே முனையைப் புதிய சாக்கெட்டில் மாட்டிவிட்டுப் போயிருப்பார். வெந்த செம்பில் ஆக்சைடு படிந்திருக்கும், புதிய ஸ்க்ரூ எவ்வளவு முடுக்கினாலும் சரியான தொடுகை வராது. நிறம் மாறாத, உறை வளைந்து கொடுக்கும் இடம் வரும்வரை ஒயரை வெட்டித் தள்ள வேண்டும். அப்படி வெட்டியபின் நீளம் போதாவிட்டால் அந்தத் துண்டையே புதிதாக இழுக்க வேண்டும், டேப் சுற்றி ஒட்டுப்போடக் கூடாது. உறையை உரிக்கும்போது கத்தி உள்ளே இழைகளை வெட்டிவிடக் கூடாது. இழைகளை முறுக்கி, முனை பெரிதாக இருந்தால் ஒருமுறை மடித்துச் செருகி முடுக்குங்கள். பிறகு ஒயரைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். இழைகளுக்கு ஈயம் பூசி மாட்டுவது நல்லது என்று சிலர் சொல்வார்கள். ஸ்க்ரூ முனைக்கு அது கெடுதல். ஈயம் அழுத்தத்தில் நாளடைவில் வழிந்து கொடுத்து இணைப்பு மறுபடி தளரும்.

ஒயர் வெள்ளி நிறத்தில் இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அது அலுமினியம். தாமிரம் அரிதாக இருந்த காலத்தில் வீடுகளுக்கு அதைத்தான் போட்டார்கள். அலுமினியம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் தானாகவே நசுங்கித் தளரும், காற்றுப் பட்டதும் மின்சாரம் கடத்தாத படலம் பூசிக்கொள்ளும், தாமிரத்தோடு நேராக முறுக்கினால் அரிக்கும். இண்டக்ஷன் அடுப்புக்கு அது ஆகாது. அந்தப் பாயிண்டுக்கு மட்டுமாவது பெட்டியிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் இழுக்க வேண்டும். கெய்சருக்கும் ஏ.சி.க்கும் 4 போடுவேன்.

சாக்கெட்டின் பின்னால் எல்லாம் நன்றாக இருந்தால் என்ன செய்வது? அப்போது அறுந்த இடம் மேலே. பெட்டியிலிருந்து ஒவ்வொரு போர்டுக்கும் நியூட்ரல் தனித்தனியாக வருவதில்லை. ஒரு போர்டில் தொட்டு அங்கிருந்து அடுத்ததற்கு வளைந்து போகும். உங்கள் போர்டுக்கு முந்தைய போர்டில் ஸ்க்ரூ தளர்ந்தால் அங்கே எல்லாம் ஓடும், உங்களிடம் மட்டும் செத்திருக்கும். சமையலறைக்கு முன்னால் கூடத்தில் அல்லது நடையில் இருக்கும் போர்டைத் திறந்து, கறுப்பு ஒயர்கள் இரண்டு மூன்று சேரும் இடத்தைப் பாருங்கள். சுவரின் மேல்மூலையில் இருக்கும் வட்டச் சந்திப்புப் பெட்டியையும் பாருங்கள். வெறும் கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு அங்கே இருக்கலாம். ஃபியூஸ் கட்டைப் பெட்டி உள்ள பழைய வீடுகளில் இன்னொரு சந்தேகமும் உண்டு. அந்தக் காலத்தில் நியூட்ரலுக்கும் ஒரு ஃபியூஸ் போடுவார்கள். அது மட்டும் எரிந்துபோனால் அந்தச் சுற்று முழுவதும் உங்கள் போர்டைப்போலவே நடந்துகொள்ளும். நியூட்ரலில் ஃபியூஸ் இருக்கவே கூடாது. கண்டால் அதைப் பட்டையால் நிரந்தரமாக இணைக்கச் சொல்லுங்கள்.

சாக்கெட்டைத் திறந்திருக்கும்போதே ஒன்றைத் தயவுசெய்து பாருங்கள். எர்த் முனையில் பச்சை ஒயர் இருக்கிறதா, அல்லது நியூட்ரல் முனையிலிருந்து ஒரு சின்னத் துண்டு ஒயரை வளைத்து எர்த் முனையில் மாட்டியிருக்கிறார்களா? எர்த் இல்லாத வீட்டில் வாடிக்கையாளரின் வாயை அடைக்கச் சிலர் செய்யும் வேலை இது. மீட்டரில் பார்த்தால் வலதுக்கும் எர்த்துக்கும் அழகாக 230 காட்டும், எல்லாம் சரி என்று நினைப்போம். இடதுக்கும் எர்த்துக்கும் துல்லியமாகப் பூஜ்யம் காட்டினால் எனக்கு உடனே சந்தேகம் வரும். இப்படிப்பட்ட பாயிண்டில் ஃபிரிட்ஜை மாட்டியிருக்கும்போது உங்கள் வீட்டில் நடந்ததுபோல நியூட்ரல் விட்டுப்போனால், மோட்டார் வழியாக வந்த ஃபேஸ் அந்தத் துண்டு ஒயர் வழியாக ஃபிரிட்ஜின் உடம்புக்கே வந்துவிடும்.

ஆண்டாப் ஹில் பக்கம் ஒரு வீட்டுக்கு இப்படித்தான் போனேன். திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவர், ஈரக் கையோடு ஃபிரிட்ஜைத் திறக்கப் போய்த் தூக்கி எறியப்பட்டிருக்கிறார். காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் உயிர் தப்பியது. முந்தைய வாரம்வரை எந்தக் குறையும் இல்லாமல் ஓடிய ஃபிரிட்ஜ் அது. சாக்கெட்டைத் திறந்தால் விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு ஒயர், நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு. மாட்டியவருக்கு ஒரு நிமிட வேலையாக இருந்திருக்கும். அதன் பிறகு எந்த வீட்டில் எந்த சாக்கெட்டைக் கழற்றினாலும் என் கண் முதலில் போவது அந்த இடத்துக்குத்தான். அப்படி ஒரு துண்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். உண்மையான எர்த் வரும்வரை உலோக உடம்புள்ள எதையும் அந்தப் பாயிண்டில் மாட்டாதீர்கள்.

எர்த் காலின் மதிப்பை பிளக்கைப் பார்த்தே உணரலாம். சின்ன பிளக்கில் மற்ற இரண்டு கால்கள் 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் எர்த் கால் 7. நீளமும் அதிகம். செருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். இரண்டு கால் துளையில் செருகுவதற்காக அந்தக் காலை ஒடித்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மடிக்கணினியின் உலோக மூடியில் கை வைத்தால் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள். சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் வழியாக வரும் மிகச் சிறிய கசிவு அது. எர்த் சரியாக இருந்தால் அது அங்கே போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் கைக்கு வரும். மடிக்கணினியில் அது ஆபத்தில்லை. ஆனால் வீட்டில் எர்த் இல்லை என்பதற்கு நல்ல சாட்சி.

சுவிட்சையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சுவிட்சை அணைத்தபின்னும் வலது துளையில் டெஸ்டர் எரிந்தால், அல்லது இடது துளையில் எரிந்தால், சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கலாம். பொருள் நின்றுவிடும், ஆனால் சாக்கெட்டில் உயிர் இருந்துகொண்டே இருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை ஒரு நாள்கூட விடக்கூடாது.

மற்றக் கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செருகிய உடனே எம்.சி.பி. டக்கென்று விழுந்தால் ஷார்ட். பெரும்பாலும் பொருளின் கம்பியிலோ பிளக்குக்குள்ளோ இருக்கும். பத்து இருபது நிமிடம் ஓடியபின் விழுந்தால் சுமை அதிகம், அல்லது எம்.சி.பி.யின் ஸ்க்ரூவே தளர்ந்து அது சூடாகிறது. ஆர்.சி.சி.பி. விழுந்தால் கசிவு. கடைகளில் இன்னும் இதை இ.எல்.சி.பி. என்றுதான் சொல்வார்கள். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஏற்றுங்கள், நின்றால் ஒவ்வொன்றாகச் செருகுங்கள், எதில் விழுகிறதோ அதுதான். பெரும்பாலும் கெய்சராக இருக்கும். எல்லாவற்றையும் பிடுங்கியும் நிற்காவிட்டால் சுவருக்குள் ஈரம். வீட்டில் ஆர்.சி.சி.பி.யே இல்லையென்றால் 30 மில்லி ஆம்பியர் உள்ளதை வீட்டு உரிமையாளரிடம் கேட்டுப் போடச் செய்யுங்கள். அதிலிருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

ஈரம் என்றதும் மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரில் சுவர் காய்வதே இல்லை. வெளிச்சுவரில் பதித்த போர்டுகளுக்குள் குழாய் வழியாகவே நீர் இறங்கி வரும். செம்பில் பச்சைக் களிம்பு ஏறும், அதுவும் தடையைக் கூட்டும். கடற்கரையோர வீடுகளில் உப்புக் காற்றால் இது இன்னும் வேகம். சுவர் நனைந்திருக்கும் போர்டைத் தொடாதீர்கள், அந்தச் சுற்றை அணைத்து வைத்துவிட்டு, கசிவை அடைத்துச் சுவர் உலர்ந்தபின்தான் வேலை. மழையில் எறும்புகளும் சாக்கெட்டுக்குள் குடியேறும், சுவிட்சின் தொடுமுனைகளுக்கு நடுவே நசுங்கி இணைப்பைக் கெடுக்கும். அவற்றைக் கொல்ல மருந்து தெளிக்க வேண்டாம், பலவற்றில் தீப்பற்றும் வாயு இருக்கிறது. மெயினை அணைத்துக் கழற்றி, காய்ந்த தூரிகையால் துடையுங்கள்.

புது சாக்கெட் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 1293 என்ற எண்ணும், 16 ஆம்பியர் என்பதும் பொறித்திருக்கிறதா பாருங்கள். துளைகளுக்குக் கதவு உள்ளதாக எடுங்கள். மின்பொருள் கடைகள் நிறைந்த லோஹார் சாலில் எல்லா விலைக்கும் கிடைக்கும். ஒன்றைக் கையில் எடுத்து எடை பாருங்கள். உள்ளே பித்தளை தடிப்பாக இருந்தால் கையில் கனக்கும். ஒரு பிளக்கைக் கேட்டு வாங்கிச் செருகிப் பிடுங்குங்கள், கொஞ்சம் மல்லுக்கட்டிப் பிடுங்கும்படி இருந்தால் நல்ல பிடிமானம். பெரியது சின்னது இரண்டு பிளக்கும் ஒரே துளையில் போகும் வகை வசதியாகத் தோன்றும். ஆனால் பெரிய பிளக்கின் 7 மில்லிமீட்டர் காலுக்கு விரிந்து பழகிய பித்தளை, சின்ன பிளக்கின் 5 மில்லிமீட்டர் காலை இறுகப் பிடிக்காது. உங்களுக்குத் தனித்தனித் துளைகள் உள்ளதே சரி. அடுப்பின் பெரிய பிளக்கை அடாப்டர் போட்டுச் சின்ன பாயிண்டில் செருகும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அது 6 ஆம்பியருக்குச் செய்தது, அடுப்பு இழுப்பது 8.7.

சாக்கெட்டை முடுக்குவதுவரை கவனமுள்ள எவரும் செய்யலாம். புது ஒயர் இழுப்பது, எர்த் கொண்டுவருவது, பெட்டியைத் திறப்பது ஆகியவற்றுக்கு மாநில அரசின் உரிமம் பெற்றவரையே அழையுங்கள். செலவை உரிமையாளரிடம் கேளுங்கள். கருகிய சாக்கெட்டைத் தூக்கி எறியாமல் அவரிடம் காட்டுங்கள், நூறு வார்த்தை பேசுவதைவிட அது வேகமாக வேலை செய்யும். மீட்டருக்கு முன்னால் இருக்கும் கோளாறு மின் நிறுவனத்துடையது. உங்களுடையது மீட்டருக்குப் பின்னால் என்பதால் அவர்கள் வரமாட்டார்கள்.

வேலை முடிந்ததும் முதல் நாள் அடுப்பில் ஒரு பெரிய பாத்திரம் தண்ணீர் வைத்து அரை மணி நேரம் முழுச் சூட்டில் ஓடவிடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். பிறகு அடுப்பை அணைத்து பிளக்கையும் பிளேட்டையும் தொட்டுப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து மெயினை அணைத்துவிட்டு பிளேட்டைக் கழற்றி மூன்று ஸ்க்ரூவையும் இன்னொருமுறை முடுக்குங்கள். புதிதாகப் போட்ட இழை ஒயர் முதல் சில நாள் சூட்டில் கொஞ்சம் படிந்து கொடுக்கும், கால் சுற்று மிச்சமிருக்கும். நாளை திறந்து பார்த்தபின் மூன்று அளவுகளையும், கறுப்பு ஒயர் எந்த நிறத்தில் இருந்தது என்பதையும், எர்த் முனையில் என்ன இருந்தது என்பதையும் எழுதுங்கள். எர்த் முனையில் பச்சை ஒயர் இல்லையென்றால் அடுப்பை மாட்டுவதற்கு முன்பே எழுதுங்கள்.